இரண்டும் இடது காலுக்கு

சித்திக்குத் தொழில் பல்செட் செய்வது. தெருவில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணத்தில்தான். பணி ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்கோ நீச்சல்தான் உயிர். முழங்கால் அறுவைக்குப் பிறகு வலது கால் சரியாக உதைக்கவில்லை. நேராகப் புறப்படுவார், பாதி தூரத்தில் வலப்பக்கம் ஒதுங்கி, பக்கத்துத் தடத்தில் நீந்துபவரின் வயிற்றில் முட்டி நிற்பார்.

நீச்சல்குளக் காவலர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை முட்டினீங்க, குழந்தைங்க தொட்டிதான் ஐயா உங்களுக்கு."

சித்தப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சித்தியோ கணினியில் ஒரு திமிங்கிலத்தைப் பார்த்துக் குதித்தாள்.

"இங்க பாருங்க! துடுப்போட முன்விளிம்புல முண்டு முண்டா! அதனாலதான் இத்தனை பெரிய உடம்பு தடுமாறாம திரும்புதாம்!"

"கடைவாய்ப்பல் மாதிரி இருக்கு."

"அதான் நமக்குக் கைவந்த கலையாச்சே!"

பல் அச்சிடும் முப்பரிமாண இயந்திரத்திலேயே, அதே முண்டுகளோடு சித்தப்பாவுக்கு ஒரு ஜோடித் துடுப்பைத் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டினாள். கையிருப்பில் இருந்தது ஈறு நிறம்தான். காலில் மாட்டும் துடுப்புகள் இளஞ்சிவப்பாகப் பளபளத்தன.

"மாட்டினா குளமே பல்லிளிக்குமேடி!"

குளக்கரையில் மாட்டிவிடும்போதுதான் சித்தி கவனித்தாள். இரண்டுமே இடது கால் துடுப்பு! நோயாளிக்கு எதிரே நின்று பார்த்துப் பார்த்து, இடதை வலதாக மாற்றுவது அவள் கைப்பழக்கம். வலது துடுப்புக்காக அப்படி ஒருமுறை அவள் திருப்ப, கணினி தன் பங்குக்கு இன்னொரு முறை திருப்பி, பழைய இடதே திரும்பி வந்திருந்தது.

"கழட்டுங்க! இது ரெண்டும் உங்களை இடப்பக்கமே தள்ளும்!"

"காவலர் பார்க்கிறார்டி, சும்மா இரு!" என்றபடி தொபுக்கென்று குதித்தார்.

கால் வலப்பக்கம் இழுத்தது. துடுப்பு இடப்பக்கம் தள்ளியது. நடுவில் சித்தப்பா, கோடு போட்டது போல, ஈறு நிறத் துடுப்பால் நுரை கிளப்பிக்கொண்டு நேராகப் போனார்! பக்கத்துத் தடத்துக்காரர் பழக்கதோஷத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்; சித்தப்பா முட்டவே இல்லை. எதிர்ச்சுவரைத் தொட்டு சித்தப்பா போட்ட கூச்சலில் காவலரின் வாயிலிருந்து விசில் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"ஐயா, தொட்டிய வேற யாருக்காவது குடுத்துடறேன்," என்றார் அவர்.

சித்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "தப்பு தப்புதானே. நாளைக்கே வலது ஒண்ணு அச்சடிச்சுத் தரேன்."

"தொட்டுப் பாரு!"

அவள் கைக்கு எட்டக்கூடாதென்று துடுப்புகளைக் கழற்றாமலே, தெரு முழுக்கப் பட்பட்டென்று தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார் சித்தப்பா.