சத்தம் போடாத குட்டி

ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். பதினோரு வருடமாக அதே மேசை, அதே வேலை.

வீட்டில் நான்கு வயது மகள். கணவன் வெளியூர் வேலைக்குப் போனவன், போனவன்தான். காலை ஏழரைக்குப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினால் மாலை ஆறரைக்குத்தான் திறப்பாள். பெற்ற மனம் கல்லா என்று கேட்கிறவர்கள் முதலில் அந்த ஆலையின் பின்பக்கம் போய்ப் பார்க்கட்டும். சுவரில் மஞ்சள் வாத்துகள் வரைந்த ஓர் அறை இருக்கிறது. தொழிலாளிகளின் குழந்தைகளுக்காகச் சட்டத்துக்குப் பயந்து கட்டிய அறை. அதிகாரி வரும் நாளில் மட்டும் அது குழந்தைகள் அறை. மற்ற நாளெல்லாம் அட்டைப்பெட்டிக் கிடங்கு. திறந்துவிடச் சொல்லிக் கேட்ட ஒருத்தியை அடுத்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பது? கடைசியில் ஒரு பூனைதான் துணிந்து உள்ளே போய் நான்கு குட்டி போட்டது.

அந்தக் குட்டிகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக அவள் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் மாடியில் இருப்பவர். கீழ் அறையை வாடகைக்குக் கொடுக்கும்போதே, "பிள்ளைச் சத்தம் கேட்டா அன்னிக்கே காலி பண்ணிடணும்மா" என்று சொல்லியிருந்தார். தனியாய் வந்த பெண்ணுக்கு அந்தத் தெருவில் வேறு யாரும் இடம் தரவில்லை. எனவே மகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே சத்தமில்லாமல் இருப்பதுதான். பிள்ளை கெட்டிக்காரி, உடனே படித்துக்கொண்டது. இப்போது அம்மா பக்கத்தில் இருந்தாலும் கிசுகிசுப்புத்தான். சில நாள் அதுவும் கிடையாது.

"மூச்சு விடுற ஜீவன் ஒன்னு கூட இருந்தா பிள்ளை பேசும்க்கா" என்றாள், பேக்கிங் பிரிவு அக்காவிடம்.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டார்கள்.

"கறுப்பைத் தொடாதடி, ஆகாது."

"என் வீட்டுல இனிமே ஆகாமப் போறதுக்கு என்னக்கா மிச்சம் இருக்கு?"

பூனையின் நிறத்தில் தலைவிதியைத் தேடுகிற நாம், பூட்டிய கதவைப் பார்த்து ஏன் என்று கேட்பதில்லை.

சட்டையைப் பார்ப்பது போலவே ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். கறுப்பு அவள் கையைப் பற்றித் தோள்வரை ஏறி, காதருகே கத்தியது.

"நல்ல துடிப்புடி. உன் பொண்ணோட குதிச்சு விளையாடும்."

"தொண்டையப் பாத்தியாக்கா? மாடி வரைக்கும் கேக்கும்."

இரண்டாவது பிறாண்டியது. மூன்றாவது சீறியது. நான்காவது, சாம்பல் நிறக் குட்டி, உள்ளங்கையில் வைத்தபடியே கிடந்தது.

"இதுதான்."

"போயும் போயும் இந்தத் தூங்குமூஞ்சியையா? தாய்கிட்ட பால்கூட ஒழுங்கா குடிக்கல இது."

"சாதுக்கா. பிள்ளையப் பிறாண்டாது, கத்தாது."

வாய் திறக்காதவர்கள் மட்டுமே வேலையில் நிலைப்பதைப் பதினோரு வருடம் பார்த்த கண் அது. நோயும் அதற்கு நல்ல குணமாகத் தெரிந்தது.

அன்று மாலை மகள் குட்டியின் காதில் ஒரு கதையே சொன்னாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு. அம்மா அடுப்பருகில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

குட்டி மட்டும் பாலைத் தொடவில்லை. துணியை நனைத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு இறங்கியது. கால்நடை மருத்துவமனை ஐந்து மணிக்கே மூடிவிடும். மூன்றாம் நாள் அரைநாள் விடுப்புக் கேட்டாள்.

"பூனைக்கா லீவு? நாளைக்கு எலிக்கும் கேப்ப" என்று சூப்பர்வைசர் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்துவைத்தார்கள்.

நான்காம் நாள் மாலை கதவைத் திறந்தபோது மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் குட்டி விறைத்துக் கிடந்தது. துண்டால் போர்த்தியிருந்தாள்.

"எப்போடி இப்படி ஆச்சு?"

"நீ போனதும்."

"நாள் பூரா இப்படியேவா இருந்த? கத்தியிருக்கலாம்ல? ஜன்னல் வழியாப் பக்கத்து வீட்டு அத்தையக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கத்தினா நம்மள வெளிய அனுப்பிடுவாங்கன்னு நீதானம்மா சொன்ன." குட்டியின் தலையைத் தடவி, "இதுவும் கத்தவே இல்ல. நல்ல பிள்ளை" என்றாள்.

அவள் மகளின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். "இனிமே கத்தணும்டி! எதுன்னாலும் கத்தணும்! எங்க, இப்பக் கத்து பாப்போம்!"

பிள்ளை வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. பயத்தோடு மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, எட்டி அம்மாவின் வாயைப் பொத்தியது.

மறுநாள் காலையும் பூட்டிவிட்டுத்தான் போனாள். வேறு என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.