பஸ்ஸில் பார்த்த மாவுக்கட்டு

இன்று மதியம் சந்தாபுரா பஸ்ஸில் ஒரு பெண்ணின் மாவுக்கட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சிரிக்காதீர்கள்.

கை முறிந்த காலேஜ் பெண். அவள் ஏறியதும் கண்டக்டர் நேராக என்னிடம் வந்து கன்னடத்தில் இடம் கேட்டார்.
"அம்மா, ஸ்வல்ப ஜாகா கொடி."

என் இடுப்பு வலிக்கு வயது ஐந்து வருஷம். வெளியே ஒன்றும் தெரியாது. பூவும் பொட்டுமாகத் திடமாகத்தான் இருப்பேன். எழுந்துவிட்டேன்.

டாக்டர் எழுதிய வலி மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றுதான். சாயங்காலம் பிரதோஷத்துக்கு நிற்க வேண்டுமே என்று அதைக் காலையிலிருந்து போடாமல் வைத்திருந்தேன். பொம்மசந்திரா வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்பியில் சாய்ந்தபடி மாத்திரையை விழுங்கினேன்.

அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.
"உடம்பு முடியலையா ஆன்ட்டி? நீங்க உட்காருங்க."
"பரவாயில்லைம்மா. உனக்கு ரொம்ப வலிக்குதா?"
"வலியெல்லாம் போயிடுச்சு. அரிப்புதான் தாங்கல. அடுத்த மாசம் பிரிச்சிடுவாங்க."

அடுத்த மாசமாம். கட்டைப் பார்த்து வந்த பொறாமை, இதைக் கேட்டதும் இரண்டு மடங்கானது.

கோயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் கும்பிட்டேன். நந்தியும் உட்கார்ந்துதானே இருக்கிறார், அவரை யாரும் எழுப்புவதில்லை.

கட்டுப் போட முடியாத வலிக்காரர்களே, பஸ்ஸில் நீங்கள் என்ன சொல்லி உட்காருகிறீர்கள்?