தண்ணீர் பார்க்காத வண்டி

கார் வாங்குவதற்கு முன் ஊர் உலகத்தில் எல்லாருடைய அபிப்பிராயத்தையும் கேட்டேன். அதில் உட்காரப் போகிறவளைக் கேட்கவில்லை. என் முட்டாள்தனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. விரிவாகச் சொல்ல வரும்.

எனக்கு வேலை ராயபுரத்தில். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் காகிதம் தயாரித்துக் கொடுக்கிற அலுவலகம். வீடு திருவொற்றியூரில், கடலோரச் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில். தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். இணையத்தில் கார் படித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

பல மாதம் படித்தேன். அங்கே கார் வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி நட்சத்திரம் போடுவார்கள். நான் மனதில் வைத்திருந்தது ஒரு நடுத்தர செடான். எங்கள் தெரு மொழியில் ‘டிக்கி வெச்ச காரு’. அதை வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், நூற்று இருபதில் போகும்போது வண்டி தரையை ஒட்டிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தார். படித்து உருகினேன். நான் தினமும் போகிற சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே நூற்று இருபதைத் தொடுவது என் ரத்த அழுத்தம் மட்டும்தான். தரையை ஒட்டிக்கொண்டு போகும் என்றாரே, அது மட்டும் சத்தியம். எங்கள் தெரு முனை வேகத்தடையில் முதல் நாளே தெரிந்துவிட்டது.

இன்னொருவர் கதவைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தார். சாத்தினால் ‘தொப்’ என்று கனமாக ஒரு சத்தம் வருமாம். அந்தத் ‘தொப்’ என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக் கதவை அப்படிச் சாத்திப் பார்த்தேன். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

இவ்வளவு ஆராய்ச்சிக்கு நடுவே என் மனைவி ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். “கொஞ்சம் ஒசரமான வண்டியா பாரு. எனக்கு மூட்டு ஒத்துக்காது.” நட்சத்திரம் போடாத அபிப்பிராயம் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஷோரூமில் அவளை உட்கார வைத்துப் பார்த்தேன். அழகாக உட்கார்ந்தாள். தாழ்வான இருக்கையில் உட்காருவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். எழுந்திருக்கும்போது அங்கிருந்த விற்பனைக்காரர் ஓடிவந்து கை கொடுத்தார். அவளும் எழுந்துவிட்டாள். அந்தக் கை வண்டியோடு சேர்ந்து வராது என்பது எனக்கு உறைக்கவில்லை.

வண்டி தெருவுக்குள் நுழைந்த அன்று, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, ஒரு படகுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தார்கள். முன்னால் நின்று செய்தவர் எதிர்வீட்டுக்காரர். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். டிக்கியைத் திறந்து காட்டி, “ஐந்நூறு லிட்டர்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“அத்த வுடு மாமு. எத்தினி மீன் கூடை நிக்கும்?”

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. அன்று மாலையே இணையத்தில் என் அபிப்பிராயத்தை எழுதப் போய்விட்டேன். வண்டியைப் புகழ்ந்து, கதவை உருகி உருகிப் புகழ்ந்து, ஐந்து நட்சத்திரம் போட்டேன். வாங்கிய முதல் வாரத்தில் எழுதும் அபிப்பிராயமும் கல்யாணமான முதல் வாரத்தில் எழுதும் அபிப்பிராயமும் ஒரே கை எழுதுவதுதான்.

பிறகு குடித்தனம் தொடங்கியது. நான் வாங்கியது வெள்ளை நிறம். எங்கள் பக்கத்தில் வெள்ளை என்பது வண்டி கழுவிய கையோடு பத்து நிமிஷம் தெரிகிற ஒரு நிறம். கடல் காற்று கதவோரத்தில் துருவாகக் கோலம் போட்டது. மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று திரும்பினால் ஏசியை நிறுத்துவதா, மூக்கை நிறுத்துவதா என்று யோசிக்க வேண்டும். இதையெல்லாம் கோயம்புத்தூர்க்காரர் எழுதவில்லை. அவர்மேல் தப்பில்லை.

அதைவிட, டிக்கி எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. தெருவில் ஒரு கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கார் என்னுடையது. பிரசவ வலி என்றால் என்னுடையது. எதிர்வீட்டுக்காரருக்கு மீன் ஏற்றுகிற வண்டி வராத நாளில் மீனும் என்னுடையதில்தான் போகும். எப்படி மறுப்பது? மழைக்காலத்தில் ஒரு நாள் தெருவே ஆறாகிவிட்டபோது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு கட்டி வண்டியை மேட்டுக்கு இழுத்தவர்கள் அவர்கள்தான். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பார்கள்: படகுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, போன ஆட்களுக்கு ஆளுக்கொன்று. கரையில் நின்று படகைத் தள்ளக் கை கொடுத்தவனுக்கும் குழம்புக்கு ஒரு பிடி மீன் உண்டு. கை வைத்தவனுக்குப் பங்கு. என் வண்டியில் தெருவே கை வைத்திருந்தது.

கை வைக்காதவள் என் மனைவி ஒருத்திதான். முதல் மாதத்தில் இரண்டு முறை ஏறினாள். இரண்டு முறையும் அவளை வெளியே எடுக்க எதிர்வீட்டம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வலை இழுப்பதுபோல் இழுக்க வேண்டியிருந்தது. தெரு வேடிக்கை பார்த்தது. “இனி இதுல என் கால் படாது” என்றாள். வெளியாள் முன்னால் என்னை ‘வாங்க, போங்க’ என்பாள், வீட்டுக்குள் ‘யோவ்’. அன்று அதை ‘யோவ்’ போட்டுத்தான் சொன்னாள்.

அதிலிருந்து வாரம் ஒருமுறை ராயபுரத்தில் மூட்டுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு அவள் ஆட்டோவில் போனாள். ஆட்டோவில் ஏறுவது அவளுக்கு நாற்காலியில் உட்காருவது மாதிரி. நான் பின்னாலேயே ஏசி போட்ட காலி காரில் போனேன். சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “யாரும்மா அது, நம்மள பாலோ பண்ணிக்கினே வர்றது?” என்று கேட்டாராம். “தெரியாது” என்றாளாம்.

போன வருஷம் அவளாகவே ஒரு வண்டியைப் பார்த்துவைத்தாள். உயரமானது. ஷோரூமில் உட்கார்ந்தாள், யாரும் கை கொடுக்காமல் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தக் கார் விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. நம் வண்டி விற்றால் அதை வாங்கலாம் என்று ஏற்பாடு. பழையதை ஷோரூமிலேயே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர்கள் சொன்ன விலை வண்டியைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னது போலிருந்தது. ஆகவே நானே விளம்பரம் எழுதினேன். ‘ஒரே ஓனர். தண்ணீர் பார்க்காத வண்டி.’

பொய் என்று சொல்லாதீர்கள். வண்டி தண்ணீரைப் பார்க்கப் போகவில்லை. தண்ணீர்தான் வண்டியைப் பார்க்க வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அம்பத்தூரிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார். முந்தின நாளே தெருவில் எல்லாரிடமும் போய், “நாளைக்கு ஒருத்தர் வண்டி பாக்க வர்றாரு. கேட்டா நாலு வார்த்த நல்லதா சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டேன். பயிற்சிக்குப் போகும் நாளும் அதுதான். மனைவி புறப்பட்டுத் தயாராகி, ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் கண் முழுக்க வந்தவர்மேல் இருந்தது.

வந்தவர் ஓய்வுபெற்றவர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்ன டார்ச். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “இன்டர்நெட்ல ஓனருங்க எழுதினதெல்லாம் ஒண்ணுவிடாம படிச்சிட்டேன் சார். திருவொற்றியூர்க்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார் பாருங்க, என்னமா எழுதியிருக்கார்! அதப் படிச்சப்புறம்தான் இந்த வண்டின்னு முடிவு பண்ணேன்.”

“அப்படியா? படிச்சுப் பாக்கணும்” என்றேன்.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தொப். கண்ணை மூடிக்கொண்டார். “ஆஹா” என்றார். என் சாதி மனுஷன் என்று தெரிந்துவிட்டது. வாசலைப் பார்த்தேன். மனைவி லேசாகச் சிரித்தாள். வண்டி அந்த நிமிஷத்தில் விற்றுப்போனது.

அடுத்த நிமிஷம் எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

“சார், கண்ண மூடிக்கினு எத்துகினு போ சார். அந்தப் பேய் மயைல சீட்டு வரிக்கும் தண்ணி. கடல் தண்ணியும் மய தண்ணியும் கலந்து ஏறிக்கினு வருது. நாங்க கவுறு கட்டி இஸ்து மேட்டுல வுட்டோம். அப்பால கதவ தொறந்து வெயில்ல காய வெச்சி சாவி போட்டா, ஒரு தும்மலு தும்முச்சி, அவ்ளோதான், கெளம்பிக்கிச்சி! எந்த வண்டி சார் அப்டி கெளம்பும்?”

வந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் நனைஞ்சுது” என்றேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் பழைய படகு விற்கிறவன், ‘புதுசு மாதிரி கீது’ என்று சொன்னால் ஒருவனும் வாங்க மாட்டான். புதுசு மாதிரி இருக்கிற படகு கரையிலேயே கிடந்த படகு. எந்தக் காற்றில் மாட்டியது, எப்படித் திரும்பி வந்தது என்று சொன்னால்தான் விலை ஏறும். நான் இவர்களிடம் போய் நல்லதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நிறுத்துவதற்குள் மீன் விற்கிற அக்கா வந்துவிட்டார். “டிக்கிய பாரு நைனா. வஞ்சிரம், சொறா, எறா எல்லாம் இதுல போயிக்கீது. ஒரு நாளு ஐஸு மொத்தமும் உருகிடிச்சி. ஒரு ஓட்ட கீதா பாரு! ஒரு சொட்டு கீய ஒயுவல. அவ்ளோ தண்ணியும் உள்ளாறயே நின்னுச்சி!”

வந்தவர் இறங்கிப் பின்னால் போய் டிக்கியில் விரித்திருந்த துணியைத் தூக்கினார். டார்ச் அடித்தார். பிறகு டார்ச் தேவைப்படவில்லை. மூக்கே போதுமாக இருந்தது.

முனையில் டீக்கடை வைத்திருக்கும் பாய் கடையை விட்டுவிட்டே வந்தார். “வண்டி தரையில இடிக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க சார். இடிக்கும்தான். ஆனா ஒண்ணும் ஆவாது. முன்னாடி பம்பரு ஒடைஞ்சப்போ, உள்ளார ஃபைபர் படகுக்கு ஊத்தற சாமான ஊத்தி ஒட்டிக்கீறோம். கம்பெனி பம்பரு ஒடையும், இது ஒடையாது. என் பொண்ணு நிக்காவுக்கு மாப்பிள்ளைய இதுலதான் கூட்டினு வந்தோம். ஸ்பீட் பிரேக்கர்ல இடிச்சிது பாருங்க, மாப்பிள்ள தலதான் பேஜாராச்சி. வண்டி கல்லு மாதிரி நின்னுச்சி!”

வந்தவர் பம்பரைத் தட்டினார். ‘டொக்’ என்றது. நல்ல படகின் சத்தம்.

“சார்,” என்றார் மெதுவாக, “நீங்க எத்தனாவது ஓனர்?”

“ஒரே ஓனர் சார்.”

“இன்னா மாமு ஒரே ஓனரு?” எதிர்வீட்டுக்காரருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. “அன்னிக்கு தண்ணில நின்னு தள்ளுனவன்லாம் தண்டமா? எங்க பங்கும் கீது சார். ஆனா நாங்க கேக்க மாட்டோம். நீ தெகிரியமா எத்துகினு போ.”

வந்தவர் டார்ச்சை அணைத்துப் பையில் வைத்தார். “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன் சார்.” தமிழில் இந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்கூட்டரை எடுத்தவர் போகிற போக்கில் திரும்பினார். “அந்தத் திருவொற்றியூர்க்காரரை எங்கயாவது பார்த்தீங்கன்னா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

தெரு ஆவலோடு என்னைச் சூழ்ந்துகொண்டது. “எத்துகினாரா?”

“வீட்ல கேக்கணுமாம்.”

“நல்லதாதான சொன்னோம், நைனா?” என்றார் அக்கா.

“நல்லதாத்தான் சொன்னீங்க.” வேறென்ன சொல்வது? அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் எழுதியவன் தெருவில் ஒருவன்தான்.

மனைவி வாசற்படியில் இறங்க ஆரம்பித்தாள். சுவரில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை. முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு இல்லை. அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரருக்கு இரக்கம் வந்துவிட்டது. “இதுக்கா மாமு வண்டிய விக்கற? அண்ணி குந்தற சீட்டுல ரெண்டு தெர்மாகோல் கட்டைய வெச்சி கட்டிட்டா, தன்னால ஒசந்துடாது? படகுலருந்து நா கொண்டாறேன்.”

அப்படி வைத்தால் அவள் தலை கூரையில் இடிக்கும். அந்தக் கணக்கை நான் போடவில்லை. எனக்குள் ஐந்து நட்சத்திரமும் மறுபடி மின்னத் தொடங்கிவிட்டன. ஓடிப்போய் முன் கதவைத் திறந்துவைத்தேன். ஷோரூமில் அந்த விற்பனைக்காரர் நின்ற மாதிரியே கொஞ்சம் குனிந்து கையை நீட்டினேன்.

“இன்னிக்கு மட்டும் நம்ம வண்டியில வா. நான் கை குடுத்து ஏத்தி, கை குடுத்து எறக்கறேன்.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அந்தக் கதவு தெருவை அடைத்துக்கொண்டிருந்ததால் பின்னால் வந்து நின்ற ஆட்டோ ஹாரன் அடித்தது.

“ஆட்டோ நிக்குது, நவுருய்யா.”