தின்னரில் துடைத்த கண்ணாடி

போன வாரம் என் மைத்துனன் சேகர் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். வந்தது பஸ்ஸில். வலது கண்ணில் கட்டு.

டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பயம்.

நடந்தது இதுதான்...

என் கார் போர்ச்தான் எனக்குப் பட்டறை. கேட், கிரில் என்று சில்லறை வேலை செய்வேன். தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது சேகர் தன் காவடிச் சட்டத்தைக் கொண்டுவந்தான். ஒரு வருடம் ஸ்டோரில் கிடந்த இரும்பு. முழுக்கத் துரு. இரும்பு தேய்க்கும் கிரைண்டர் மெஷினில் கம்பி பிரஷ்ஷை மாட்டிக் கொடுத்தேன். வேண்டுதல் அவனுடையது, அவனே தேய்க்கட்டும் என்று.

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இல்லை. கிரைண்டருக்கு மேலேயே ஒரு ஆணியில் தொங்கும். பறக்கிற இரும்புத் தூள் எல்லாம் அதன் மேல்தான். அதற்கு முன்பு ஒரு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது புள்ளி புள்ளியாகத் தெறித்துவிட்டது. பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பெயின்ட் போனது. கண்ணாடியும் போனது! பிளாஸ்டிக் அல்லவா? பால் மாதிரி வெளுத்துவிட்டது.

தூக்கி எறிந்தேனா? இல்லை. திரும்ப ஆணியில் மாட்டினேன்.

சேகர் போட்டுப் பார்த்தான்.

“என்ன மாமா, கேமரன் மலை பனி மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல லா.”

“பொண்ணு பார்க்கவா போற? துருதானே... போட்டுக்கிட்டுத் தேய்.”

கொஞ்ச நேரம் போட்டிருந்தான். பிறகு நெற்றிக்கு ஏற்றிவிட்டான். நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நானே எத்தனை முறை ஏற்றியிருக்கிறேன்?

பிரஷ்ஷில் இருந்து ஒரு கம்பி கழன்று வந்தது. தலைமுடி அளவு. நேராக வலது கண்ணுக்குள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். “கண்ணாடி போடலியா அண்ணே?”

“போட்டிருந்தேன் சிஸ்டர்” என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாளே புதுசு வாங்கினேன். இப்போது அது மூடி போட்ட பிஸ்கட் டப்பாவில், மெல்லிய துணியில் சுற்றி, கிரைண்டரை விட்டுத் தள்ளி இருக்கிறது. முதலில் தண்ணீரில் தூளைக் கழுவிவிடுவேன். அப்புறம் சோப்பு. தின்னர் கிட்டேயே வராது. கீறல் விழுந்தால், வெளுத்தால்... குப்பைக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

போன வாரம் வந்த சேகர் அந்த டப்பாவைத் திறந்தான். கண்ணாடியைக் கட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தான்.

“டாக்டர் முடியாதுன்னுட்டாரு மாமா. அந்தக் கண்ணு இனி அவ்வளவுதானாம். லோரியும்தான்.”

என் மனைவி உள்ளே அழுதாள். அவன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

“நல்லா பளிச்சுன்னு இருக்கு. இதை அன்னிக்குக் கொடுத்திருக்கலாம்ல?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.