டார்கெட்டைத் திருத்தி எழுத வைத்த ரீட்டா அக்கா

அன்று காலை கம்பெனி பஸ் இரும்புலியூரில் நிற்கவில்லை. அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர் ரீட்டா அக்கா ஒருவர்தான். ஏன் என்று முன்சீட்டில் இருந்தவர்கள் கேட்டதும் டிரைவர் அண்ணா சொன்னார்: "ரீட்டாம்மா விடிகாலைல தவறிட்டாங்க. மாரடைப்பு. அவங்க வூட்டுக்காரர் போன் பண்ணாரு."

தாம்பரத்தில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பெனியில் பதினெட்டு வருடம் காலர் தைத்தவர் அவர். தொழிலாளர் கமிட்டியிலும் இருந்தார். அவரை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அது என் தவறில் தொடங்குகிறது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான், பதினெட்டு வயது முடிந்ததும் டிரெய்னியாகச் சேர்ந்தேன். என்னோடு தேவியும் ஜான்சியும் சேர்ந்தார்கள். மூவருக்கும் கஃப், அதாவது சட்டைக் கையின் முனைப்பட்டி, தைக்கும் வேலை. இரண்டாம் மாதம், வேலை நேரத்தை அளக்கும் மோகன் சார் ஸ்டாப்வாட்ச்சோடு என் பின்னால் வந்து நின்றார். அவர் குறிக்கும் நேரத்தை வைத்துத்தான் மணிக்கு எத்தனை பீஸ் என்ற டார்கெட் முடிவாகும். அதைத் தாண்டினால்தான் இன்சென்டிவ் என்ற ஊக்கத்தொகை. அவர் நிற்கும்போது நிதானமாகத் தைக்க வேண்டும் என்பது எங்கள் தையல் லைனில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பரீட்சை என்று நினைத்து, பத்து பீஸை மூச்சுவிடாமல் தைத்து முடித்தேன். மறுநாள் போர்டில் இருந்த நாற்பத்தைந்து, அறுபது ஆகியிருந்தது.

சாப்பாட்டு அறையில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ரீட்டா அக்கா மட்டும் டிபன் பாக்ஸோடு வந்தார்.

"இன்னாமா, நேத்து பிளேன் ஓட்டுனியாமே?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"உனக்கு இன்சென்டிவ் உண்டா?"

"டிரெய்னிக்குக் கெடையாதுன்னாங்கக்கா."

"அப்புறம் யாருக்காகடி பறந்த?"

பக்கத்து மேஜையில் சிரித்துவிட்டார்கள். அதோடு லைனின் கோபம் பாதி குறைந்தது.

அன்று மதியமே மோகன் சாரை வரவழைத்தார். "பத்து பீஸ் பாத்துட்டுப் போய்ட்டீங்க சார். ஒரு மணி நேரம் இங்கயே குந்துங்க. பாபின்ல நூல் மாத்தணும், ஊசி ஒடையும், தண்ணி குடிக்கணும். இது மிஷின் இல்ல, பொண்ணு."

"எனக்கு ஏது ரீட்டா அவ்ளோ டைம்?"

"டைம் பாக்கறதுதானே சார் உங்க வேலையே?"

அவர் உட்கார்ந்தார். வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். குறைக்காமலே தைத்தேன். நூல் இரண்டு முறை அறுந்தது. ஒருமுறை துணிக்கட்டு வரும்வரை காத்திருந்தேன். ஒரு மணி நேரம் முடிந்தபோது நாற்பத்தெட்டு. போர்டிலும் அதையே எழுதினார்கள்.

அக்கா அத்தோடு விடவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எச்.ஆர். மேடத்திடம் கேட்டார்: "எங்க எல்லாருக்கும் டார்கெட் போட இந்தப் பொண்ணு கை வேணும். காசு குடுக்கறப்ப மட்டும் அது டிரெய்னி கையா?" எங்கள் மூவருக்கும் ஆபரேட்டர் சம்பளமும் இன்சென்டிவும் வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்றே பதில் வந்தது. "பாக்கட்டும். அவங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே கீது" என்று எங்களிடம் வந்து சொல்வார்.

நல்லடக்கத்துக்கு லைன் முழுவதும் வந்திருந்தது. மோகன் சாரும் வந்திருந்தார். எங்களுக்காக எழுந்து நின்றவர் நீங்கள். இனி ஓய்வெடுங்கள் அக்கா.

நேற்று எச்.ஆர். மேடம் என்னை மட்டும் அழைத்து ஒரு கடிதம் கொடுத்தார். ஆபரேட்டர் கிரேடு, இன்சென்டிவ் உண்டு என்று இருந்தது. "இது உனக்கு மட்டும்தான்மா. தேவிகிட்டயும் ஜான்சிகிட்டயும் சொல்லிட்டு இருக்காத" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய், அவர்கள் இருவருக்கும் நடுவில் கடிதத்தை விரித்து வைத்தேன்.