தடித்த தந்தியில் எடுத்த சுதி

1. சின்னசேலத்தில் வண்டி ஏறும்போது எங்கள் பாட்டுக்குழு முழுதாக இருந்தது.
2. கல்வராயன் மலைப்பாதையில் மரம் விழுந்தது. முன்னால் போன குட்டியானை, எங்கள் சின்ன லோடு வண்டி, அதற்குள் தாண்டிவிட்டது. பின்னால் வந்த வேன் மாட்டிக்கொண்டது.
3. குட்டியானையில் இருந்தவர்கள்: குழுவில் பாடும் என் அண்ணி, டோலக் அண்ணன், நான்.
4. ஸ்பீக்கர்களும் என் பேஸ் கிட்டாரும் எங்களோடு வந்தன. கீபோர்டு வேனில் இருந்தது.

கீபோர்டு இல்லாமல் எங்கள் குழு கச்சேரி செய்ததில்லை. பாடுகிறவருக்குச் சுதி கொடுப்பது அதுதான். பேஸ் என்பது நான்கு தடித்த தந்திகள். பின்வரிசையில் நின்று கீழ் ஒலியை மட்டும் வாசிப்பது என் வேலை. பகலில் கள்ளக்குறிச்சியில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறேன். இரண்டு வேலையிலும், நின்றுபோனால்தான் நான் இருந்தது தெரியும்.

அண்ணிக்கு அதற்குச் சில மாதங்கள் முன்பு கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன்பின் மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் பிளந்துவிடும். "இன்னிக்கும் ஒடைஞ்சா, அடுத்த கச்சேரிக்கு சேலத்துப் பொண்ணுதாம்மா" என்று குழுவின் முதலாளி சின்னசேலத்திலேயே சொல்லிவிட்டார். அண்ணி மலையேறும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "பாடாம வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போறேன் பாப்பா?"

நாங்கள் வாசிக்கப் போன மலையூரில் ஆடித் திருவிழா. சாமைக் கொல்லைகளைத் தாண்டி மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெரியவர் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கச்சேரின்னாங்க. மூணு பேருதான் வந்துகிறீங்க?"

"மீதிப் பேரு மரத்தத் தள்ளிக்கினு வராங்க. அதுக்குள்ள ஆளுக்கு மூணு பங்கு வாசிச்சிடுறோம்" என்றார் டோலக் அண்ணன்.

மேடையேறியதும், ஒலி வருகிறதா என்று பார்க்க, இருப்பதிலேயே தடித்த தந்தியை வெறுமனே ஒருமுறை மீட்டினேன். சோதனைதான். அண்ணி அதையே சுதி என்று எடுத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். அவர் வழக்கமாகப் பாடுவது ஐந்தரைக் கட்டை. என் தந்தி மூன்று கட்டை. அவ்வளவு கீழே அவர் மேடையில் பாடி நான் கேட்டதேயில்லை. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று அவரைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். நான் அந்தக் கட்டையிலேயே தொடர்ந்தேன்.

அதன்பின் நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. பனி மேடைக்குள் வந்தது. பல்புகள் மஞ்சள் புகையாகின. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வெறும் போர்வைகளாகத் தெரிந்தார்கள். கீபோர்டு வழக்கமாக நிரப்பும் இடங்கள் காலியாகக் கிடந்தன; அந்த இடைவெளியில் தவளைகள் கேட்டன, அப்புறம் என் தந்தி, அப்புறம் அண்ணி. ஒலி காற்றில் போகாமல் மேடைப் பலகை வழியாக என் பாதத்தில் ஏறுவதுபோல் இருந்தது. சரணத்தில் குரல் உடையும் இடம் நெருங்கியபோது டோலக் அண்ணன் கையை லேசாக்கினார். அந்தச் சுதியில் அந்த இடம், வீட்டில் அண்ணி என்னைச் சாப்பிடக் கூப்பிடும் குரலின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. குரல் கொஞ்சம் கரகரத்தது, உடையவில்லை. கடந்துபோனது தெரியாமல் கடந்துபோனது.

பாட்டு முடிந்ததும் முன்னால் இருந்த பெண் ஒருத்தி, "காதுல கேக்கலங்க, வயித்துல கேக்குது" என்றாள்.

"பசியா இருக்கும்மா, பொங்கல் வாங்கித் துன்னு" என்றார் டோலக் அண்ணன். கூட்டம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அதே கம்பியத் தட்டு பாப்பா" என்றார்.

கடைசிப் பாட்டின்போதுதான் வேன் வந்தது. முதலாளி ஓரமாக நின்று கேட்டார். "நல்லாத்தான் கீது. ஆனா கல்யாண வூட்ல இது எடுபடாதும்மா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

இப்போது அந்தக் குழுவில் சேலத்துப் பெண் பாடுகிறாள், நன்றாகவே பாடுகிறாள். நாங்கள் மூவரும் தனியாகப் போகிறோம். திருமணங்களுக்கு அழைப்பு வருவதில்லை. மலையூர்களிலும் திருக்கோவிலூர்ப் பக்கம் சில கோயில்களிலும் கூப்பிடுகிறார்கள். மேல் குரல் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி மூன்று கட்டையில் பாடிக்கொண்டிருக்கிறார்.