வடையா, வாடாவா?

ஊர்ப் பெயரிலேயே கட்டளை இருந்தாலும், கீழ்க்கட்டளை ஜஹீராவுக்குக் கட்டளையிட ஆள் யாரும் கிடையாது. தம்பி அயூபின் வீட்டில் ஓர் அறை, டி.டி.பி. வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர், தம்பி பெயரில் வந்த டெலிபோன். அவளுக்கு இருந்தது அவ்வளவுதான். புருஷனை விட்டு வந்தவள் என்பதால் சொந்தக்காரர்கள் அவளை 'பாவம்' என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

தொண்ணூற்று நாலில் ஒரு மோடம் வாங்கினாள். டெலிபோன் கம்பி வழியே ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேச உதவும் பெட்டி. தாம்பரத்தில் ரயில்வேயிலிருந்து ரிட்டையரான தோத்தாத்ரி, பல்லாவரத்தில் எட்மண்ட், இன்னும் இரண்டு வீடுகள் என்று ஏற்கெனவே சிலர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு 'போர்டு'. பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கூப்பிட்டுத் தங்கள் சேதியை எழுதுவார்கள். பிறகு போர்டுகள் ஒன்றையொன்று கூப்பிட்டு, எழுதியதையெல்லாம் மாற்றிக்கொள்ளும். தலைமை ஆபீஸ் என்று எதுவும் கிடையாது. அவரவர் வாசலுக்கு அவரவரே காவல். அங்கே ஜஹீரா பாவம் இல்லை, மோடம் மக்கர் செய்தால் எல்லாரும் தேடும் ஆள்.

இங்கிலீஷில் எழுதியவரை வம்பில்லை, சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'யூ'தான். இந்தப் போர்டுகளைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்ததும் புது ஆட்கள் குவிந்தார்கள். இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ் எழுத ஆரம்பித்தார்கள். நீயா, நீங்களா என்ற பஞ்சாயத்தும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. எட்மண்டுக்கு ஆம்பளைகள் எல்லாரும் மச்சான். தோத்தாத்ரிக்கோ 'சார்' போடாவிட்டால் சாப்பாடு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எட்மண்ட் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. யார் எதைக் கொண்டுவருவது என்று ஜஹீரா அவசர அவசரமாகத் தட்டினாள். எட்மண்ட் டீ, ஜஹீரா சமோசா, தோத்தாத்ரி வடை. இங்கிலீஷில் வடைக்கு வி, ஏ, டி, ஏ. அதையே 'வாடா' என்றும் படிக்கலாம் என்பது அவள் மூளையில் உறைக்கவில்லை. தோத்தாத்ரியின் மூளையில் வேறெதுவுமே உறைக்கவில்லை.

"என்னை வாடா என்று கூப்பிட நீ யாரம்மா?" என்று எழுதிவிட்டார்.

"வடை சார், சாப்பிடற வடை!" என்று உடனே பதில் போட்டாள். பழைய நாலைந்து வீடாக இருந்திருந்தால் மனிதர் சிரித்திருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். இப்போது கூட்டம் பெருத்துப் போயிற்று. அவர் சிரிப்பதற்குள் அவருக்காகக் கோபப்பட ஆட்கள் தயாராக இருந்தார்கள். அவருடைய போர்டில் எழுதும் அவரது நண்பர் தசரதன், ஜஹீராவின் மதத்தை இழுத்து அசிங்கமாக எழுதினார். அதைப் பார்த்த அயூப், அக்காவின் போர்டிலேயே உட்கார்ந்து, தோத்தாத்ரியின் செத்துப்போன மனைவியைப் பற்றி எழுதினான். என்ன எழுதினான் என்று சொல்ல வாய் கூசும். ஜஹீராவுக்கு நடந்தது தெரிவதற்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எட்மண்ட் போன் செய்தான். "இன்னாக்கா இது, ஒரே பேஜாராக் கீது! உங்க போர்டு, சார் போர்டு ரெண்டையும் கட் பண்ணிடலாம்னு பாக்கறேன். இல்லாட்டி ஒரு தலைவரைப் போட்டு அவர் கையில குடுத்துடலாம்."

"தலைவர்னு ஒருத்தரை வெச்சா அடுத்த சண்டை அந்த நாற்காலிக்குத்தான் எட்மண்ட். அவங்கவங்க வாசலை அவங்கவங்க பாத்துக்கணும். முதல்ல என் வாசலை நான் பாக்கறேன்."

அன்றைக்கே தன் போர்டில் அயூபின் பெயரை அடைத்தாள். மன்னிப்பும் எழுதினாள்: 'அசிங்கம் என் வீட்டிலிருந்து போனது. எழுதியவன் என் தம்பி. அவனுக்கு என் போர்டில் இனி இடமில்லை.'

அயூப் கொதித்துப் போனான். "என் போனு, என் வூடு. எனக்கே கதவு சாத்துறியா? உனக்காகத்தானே எழுதினேன்!"

"எனக்காகன்னா எனக்கு மரியாதை வர்ற மாதிரி எழுதியிருக்கணும். அந்த தசரதனை நிறுத்துங்கன்னு எந்த மூஞ்சியோட நான் தோத்தாத்ரி சாரைக் கேக்கறது?"

அவன் டெலிபோனைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினான். காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தான். ஜஹீராவுக்குப் பயம் இல்லாமலில்லை. போர்டு போனால் மறுபடி வெறும் பாவம் ஜஹீராதான். ஆனாலும் சாவியை அவள் கேட்கவில்லை. சேதிகளைப் பதிந்து எடுத்துப்போகும் பிளாப்பித் தட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பல்லாவரத்துக்கு பஸ் ஏறினாள்.

எட்மண்டின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லா வீடுகளுக்கும் எழுதினாள். 'இனிப் புதிதாக ஒருவர் வந்தால், பழைய ஆள் ஒருவர் அவர் பேச்சுக்குப் பொறுப்பேற்கட்டும். அடைத்தவரைத் திரும்பச் சேர்ப்பதற்கும் இதே விதிதான். இதைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரமில்லை. என் வீட்டில் இப்படித்தான்.' தினமும் போய்ப் புதிதாக வந்ததைப் பிளாப்பியில் எடுத்து வந்தாள், பதில் எழுதினாள், மறுநாள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மழை பெய்தாலும் போனாள். பஸ் கிடைக்காத நாளில் நடந்தும் போனாள். ஒவ்வொரு வீடாக, வேண்டாவெறுப்பாகத்தான், சரி என்றது. தாம்பரத்திலிருந்து மட்டும் மூச்சில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டில் அவள் பிளாப்பியைச் செருகியபோது அயூபும் பின்னால் வந்து நின்றான். படிக்காதவன் மாதிரி பாவனை, கண் மட்டும் திரையில். தோத்தாத்ரி எழுதியிருந்தார்:

'தசரதனை நிறுத்திவிட்டேன். முப்பது வருஷப் பழக்கம், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். அயூப் மறுபடி எழுத விரும்பினால் அவர் பேச்சுக்கு நான் பொறுப்பு. என் மனைவி இருந்திருந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் திட்டியிருப்பாள்.'

அயூப் மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"இந்தாளு இன்னாத்துக்கு எனக்குப் பொறுப்பு ஏத்துக்கினான்?"

ஜஹீரா அடுத்த சேதியைத் திறந்தாள். அவன் உள்ளே போனான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. டெலிபோனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, வயரை மாட்டினான். குனிந்த தலை நிமிராமலே, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்:

"ஏத்துக்கினாரு."